நவாலி தேவாலயத்தில் 1995-இல் என்ன நடந்தது? குளத்துப்புழா தமிழர்களும் அங்கிருந்து வந்தவர்களா?

இரண்டாவது கேள்விக்கு முதலில்: இல்லை. குளத்துப்புழா கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் இருக்கிறது. இங்கே எங்கள் ரப்பர் தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்கள் மலையகத் தமிழர்கள், அதாவது இலங்கை மலைத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளியினர். இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்கள். போர் அகதிகள் அல்ல. இதை மலையாளி நண்பர்களுக்குச் சொல்லிச் சொல்லியே அலுத்துவிட்டது.

சரி, நவாலி யாழ்ப்பாணத்து ஊர். 1995 ஜூலை 9 அன்று அந்தப் பகுதியான வலிகாமத்தில் இலங்கை ராணுவம் ‘முன்னேறிப் பாய்தல்’ நடவடிக்கையைத் தொடங்கியது. செல்லடிக்கு (பீரங்கிக் குண்டுவீச்சுக்கு) பயந்து சனம் மூட்டை முடிச்சோடு ஓடிவந்து, புனித பேதுரு பவுல் தேவாலயத்திலும் பக்கத்து முருகன் கோயிலிலும் தங்கியது. கோயில் மேல் குண்டு போடமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். அன்று மாலையே விமானப்படை குண்டு வீசியது.

இறந்தவர்களின் எண்ணிக்கை ஏன் ஆளுக்கொன்றாக இருக்கிறது? செஞ்சிலுவைச் சங்கத்தின் முதல் அறிக்கை 65 பேர் என்றது. அது முதல் கணக்கு. இடிபாட்டில் எடுத்தவர்களும் காயத்தால் பின்னர் இறந்தவர்களும் சேர, நூற்றைத் தாண்டியது.

அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கு நினைவிருப்பது அப்பாதான். மழைக்காலம், பால்வெட்டு இல்லை. வானொலியைக் காதோடு வைத்து, கவிழ்த்த சிரட்டையில் பீடிச் சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தை அவர் பார்த்ததே இல்லை. “கோயில்லயுமா?” என்று மட்டும் கேட்டார்.