பழைய ஜப்பானிய மூங்கில் பூக்கூடை: கையெழுத்து இருந்தால் போதுமா?

ஏலத்துக்கு வந்த பழைய பூக்கூடை ஒன்றில் கையெழுத்து இருக்கிறது, அதை நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கையெழுத்து நல்லதுதான், ஆனால் நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

ஜப்பானில் கூடை முடைபவர் தன் பெயரைப் போட்டுக்கொள்வது 19ஆம் நூற்றாண்டில் வந்த பழக்கம். ஒசாகாவின் முதலாம் ஹயகவா ஷோகோசாய் (1815–1897) தொடங்கிவைத்தார் என்பார்கள். ஆகவே "300 வருடப் பழசு, கையெழுத்துடன்" என்று யாராவது விற்றால் அங்கேயே உஷாராகிவிடலாம். பெயர் இல்லாத கூடைகளிலும் அருமையானவை நிறைய உண்டு. மீனவரின் மீன்கூடையில் பூ வைத்த, ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் குரு சென் நோ ரிக்யூ, யார் பின்னியது என்றா பார்த்தார்?

மாடு வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, நான் முதலில் கூடைக்குள் கைவிட்டு ஒதோஷியைத் தேடுவேன். தண்ணீர் ஊற்றுவதற்காக உள்ளே நிற்கும் மூங்கில் குழாய் அது, பெரும்பாலும் அரக்கு பூசியிருக்கும். பின்னலில் தண்ணீர் நிற்காதே, அதனால் பூக்கூடைக்கு அது கட்டாயம். பல கூடைகளில் அது தொலைந்து, ஏதோ ஒரு தகர டப்பா உட்கார்ந்திருக்கும். அசல் குழாயோடு, பின்னியவரே பெயர் எழுதிய தொமோபாகோ என்ற மரப்பெட்டியும் சேர்ந்து வந்தால் விலை ஏறுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெட்டி ஒருவருடையது, கூடை இன்னொருவருடையது என்றும் நடக்கும். பெட்டியின் அளவும் மூடியில் எழுதிய பெயரும் கூடையோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம் நிறம். பழைய கூரை வீடுகளில் அடுப்புப் புகை பல தலைமுறைகளாகப் படிந்து பழுப்பேறிய மூங்கிலை சுசுதாகே என்கிறார்கள். கூரையில் கயிறு கட்டியிருந்த இடம் மட்டும் புகை படாமல் வெளிறி நிற்கும். அந்த வெளிர் பட்டைகள் பின்னலுக்குள் அங்கங்கே எட்டிப்பார்ப்பதுதான் எனக்குப் பிடித்த அழகு. எங்கும் ஒரே சீரான நிறமா? சாயமாக இருக்கலாம். அதற்காகப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள், பெரிய கலைஞர்களும் சாயம் ஏற்றியிருக்கிறார்கள்.

குண்டூசி முனை அளவு துளைகளும் அடியில் மாவு போன்ற தூளும் தெரிந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

விலை ஏன் இப்படி என்றால், அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் பல வருடங்களாகத் தேடித்தேடி வாங்கியதும் ஒரு காரணம். அவர்களில் ஒருவரான லாயிட் காட்சன் சேர்த்தவை இப்போது சான் பிரான்சிஸ்கோவின் ஆசியக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஈஸுகா ரோகான்சாய், 1967இல் மூங்கில் கலைக்காக முதல் 'வாழும் தேசியச் செல்வம்' (தலைசிறந்த கைவினைஞர்களுக்கு ஜப்பான் அரசு தரும் அங்கீகாரம்) ஆன ஷோனோ ஷோஉன்சாய் போன்ற பெரிய கலைஞர்களின் கூடைகள் நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. தேநீர்ச் சடங்குகளில் பூ வைப்பதற்காகச் செய்த, பெயர் தெரியாத கூடைகள் இன்னும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கின்றன.

வாங்கினால் ஏசி காற்று நேராக அடிக்கும் இடத்தில் வைக்காதீர்கள். காய்ந்தால் முதலில் வெடிப்பது அந்த உள்குழாய்தான்.