மாவும் காணியும் தெரிந்த கணினி மொழி

கேள்வி: பைத்தான் ஓரளவு எழுதுவேன். வேலைக்காக இல்லாமல், ஆசைக்காக வேறு சாயலில் ஒரு கணினி மொழி கற்க வேண்டும். எதை எடுக்கலாம்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: ராக்கெட். 1958-இல் தொடங்கிய லிஸ்ப் குடும்பத்து மொழி, இலவசம். இணையத்தில் தேடும்போது டென்னிஸ் மட்டைக்குரிய ஆங்கில எழுத்துகளைப் போடுங்கள். விண்ணில் ஏவும் ராக்கெட்டின் எழுத்துகள் வேறு. முழுத் தொகுப்பை இறக்கினால் ‘டாக்டர்ராக்கெட்’ எடிட்டரும் கையேடும் சேர்ந்தே வரும். பிறகு இணையம் இல்லாமலே படிக்கலாம்.

டெல்டாக்காரருக்கு இதைச் சொல்லக் காரணம், இது பின்னத்தைப் பின்னமாகவே வைத்துக்கொள்ளும். பழைய நில அளவில் வேலிக்கு 20 மா. 2 வேலியை மூவர் பிரித்தால் ஆளுக்கு எத்தனை மா? செயல்குறியை முதலில் வைத்து (/ 40 3) என்று கொடுங்கள். 13 1/3 மா என்று துல்லியமாக வரும். 13.333 என்று இழுக்காது.

இதற்கு முதலில் ‘லாங்வேஜ்’ மெனுவில் ‘சூஸ் லாங்வேஜ்’ பெட்டியைத் திறந்து, தொடக்கக்காரருக்கான ‘பிகினிங் ஸ்டூடண்ட்’ தேர்ந்தெடுங்கள். அதே பெட்டியில் ‘ஷோ டீட்டெயில்ஸ்’ திறந்து பின்ன வடிவத்தை ‘மிக்ஸ்டு ஃப்ராக்‌ஷன்ஸ்’ ஆக்குங்கள். மறந்தால் 1/16-ஐ 0.0625 என்று காட்டும். கணக்கு சரிதான், காட்சிதான் தசமம்.

மா, காணி என்பவை நம் பழைய பின்னங்களின் பெயர்களும்கூட. இனி ‘டிஃபைன்’ கட்டளையால் மா 1/20, காணி 1/80 என்று பெயரிட்டு, (+ மா காணி) எழுதி ஓட்டுங்கள். வருவது 1/16, அதாவது மாகாணி! நம் பின்னத்தின் பெயரிலேயே கூட்டல் இருக்கிறது. ‘ஸ்டெப்’ பொத்தானை அழுத்தினால் மா 1/20 ஆவதும், காணி 1/80 ஆவதும், இரண்டும் கூடுவதும் படிப்படியாகத் தெரியும். தொடக்கக்காரருக்கு இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை.

பிழைகளில் பாதி இடைவெளியால் வரும். (+1/20 1/80) என்று ஒட்டி எழுதினால் +1/20 ஓர் எண்ணாகிவிடும்; அடைப்புக்குறிக்குப் பின் செயல் வேண்டும், எண் இருக்கிறதே என்று மறுக்கும். (1 + 2) என்றாலும் அதே புகார்தான். 1 / 20 என்று பிரித்தால் பின்னமே இல்லை.

கை பழகியதும் 7/16-ஐக் கால், அரைக்கால், மாகாணி என்று பிரித்துச் சொல்லும் நிரலை எழுதுங்கள். பொருந்தும் பெரிய பின்னத்தைக் கழித்து, மீதியோடு செயல் தன்னையே அழைக்க வேண்டும். மீதி 0 ஆனால் நிறுத்து என்று மட்டும் வைத்தால் 1/3-இல் மாட்டுவீர்கள்: மீதி முந்திரிக்கும் (1/320) கீழே போய்விடும், ஆனால் 0 ஆகாது. மீதி முந்திரிக்குக் குறைந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: ராக்கெட்டில் ‘டிஃபைன்’ செய்து தமிழில் வைத்த பெயரை, அப்படி ஒன்று இல்லை என்கிறதே?
– வாசகர், பாபநாசம்

பதில்: வேறிடத்திலிருந்து ஒட்டினீர்களா? கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று கூடவே வந்திருக்கும். அந்தப் பெயரை அழித்து, பெயர் வைத்த இடம், பயன்படுத்திய இடம் இரண்டிலும் கையால் தட்டுங்கள்.