கஞ்சிவெள்ளத்தை வெல்லமாக்கிய கதை: புண், ஸ்டோமா கேள்வி பதில்

சொந்த ஊர் கம்பம். வேலை குமுளிக்கு அந்தப் பக்கம், மலைமேல் ஓர் ஆஸ்பத்திரியில். ஆறாத புண்களும், வயிற்றில் பை வைத்தவர்களும்தான் என் பிரிவு. ஆபரேஷனில் குடலை வயிற்றுத் தோல் வழியாக வெளியே கொண்டுவந்து வைக்கிற வாய்தான் ஸ்டோமா. மலம் அதன் மேல் ஒட்டிய பையில் விழும். கேள்வி அனுப்பியவர்கள் பெயரைப் போடவில்லை. பாதிப் பேர் "சொந்தக்காரர் ஒருத்தருக்கு" என்றுதான் ஆரம்பித்திருக்கிறீர்கள். சரி, அந்தச் சொந்தக்காரருக்கே சொல்கிறேன்.

சிஸ்டர், அப்பாவுக்குக் கோலோஸ்டமி (பெருங்குடலில் வைக்கிற ஸ்டோமா) செய்து மூன்று மாதம் ஆகிறது. பை தினமும் கசிகிறது, சுற்றித் தோல் வெந்துவிட்டது. வேறு கம்பெனிப் பை வாங்கலாமா? (உத்தமபாளையம்)

கம்பெனியை அப்புறம் மாற்றலாம் தங்கச்சி, முதலில் தட்டில், அதாவது பையைத் தோலோடு ஒட்டுகிற பகுதியில், வெட்டுகிற ஓட்டையைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் வரைந்து கொடுத்த அளவிலேயே இன்னும் வெட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆபரேஷன் முடிந்ததும் ஸ்டோமா வீங்கி இருக்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் சுருங்கிவிடும். ஓட்டை பெரிதாக இருந்தால் இடைவெளியில் மலம் தங்கித் தோல் அரித்துப்போகும். அரித்த தோலில் பசை ஒட்டாது. ஒட்டாவிட்டால் கசிவுதான். நீங்கள் கோபித்துக்கொண்டு தினமும் பிய்த்து மாற்ற, இருக்கிற தோலும் உரியும்.

இன்றைக்கே மறுபடி அளந்து பாருங்கள். ஸ்டோமாவைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். வெறும் தண்ணீரில் துடைத்து, நன்றாக ஈரம் ஒற்றுங்கள். வெந்த இடத்தில் ஸ்டோமா பவுடர் தூவி, மிச்சத்தைத் தட்டிவிடுங்கள். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டாம். தோலில் எது வந்தாலும் எண்ணெய்ப் பாட்டிலை எடுப்பது நம் கை வழக்கம், ஆனால் எண்ணெய் பட்ட தோலில் எந்தத் தட்டும் நிற்காது. ஒட்டியபின் உள்ளங்கையால் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், சூட்டில்தான் பசை பிடிக்கும். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். தட்டு மூன்று நான்கு நாள் தாங்க வேண்டும்.

துடைக்கும்போது ரத்தம் வருகிறது. பயமாக இருக்கிறது.

பல் தேய்த்தால் ஈறில் வருகிற மாதிரிதான், துடைக்கும்போது லேசாக வந்து நின்றுவிட்டால் பயமில்லை. ஸ்டோமா வாய்க்குள் இருக்கிற சதை மாதிரி சிவப்பாக, ஈரமாக இருக்கும். கருநீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், ரத்தம் நிற்காமல் வந்தால், அன்றே டாக்டரைப் பாருங்கள்.

மாமாவுக்கு இலியோஸ்டமி (சிறுகுடலில் வைக்கிற ஸ்டோமா). தண்ணியாகவே போகிறது, ஆள் வாடிவிட்டார். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்கிறோம், குடிக்கக் குடிக்க இன்னும் போகிறது. (போடி)

இதற்கு ஒரு கதை உண்டு. கூடலூர்க்காரர் ஒருவர், இதே ஆபரேஷன். என்னோடு வேலை பார்க்கும் கோட்டயத்துச் சேச்சி, "உப்பிட்டு கஞ்ஞிவெள்ளம் குடிக்கணும் கேட்டோ" என்று அனுப்பி வைத்தார். நாலாம் நாள் கண் உள்ளே போய், கால் இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். "என்னண்ணே சாப்பிட்டீங்க?" என்றேன். "நர்ஸம்மா சொன்ன மாதிரியே, கஞ்சியும் வெல்லமும்!" மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். இவர் அச்சு வெல்லத்தைக் கரைத்துக் கரைத்துக் குடித்திருக்கிறார். இனிப்பு கூடக் கூட குடலுக்குள் நீர் இழுக்கும், பை நிரம்பிக்கொண்டே இருக்கும். அன்றிலிருந்து தமிழ்க்காரர்களுக்கு டிஸ்சார்ஜ் சொல்வது நான்தான்.

பெருங்குடலுக்குப் போகாமலே வெளியேறுவதால் தண்ணீரோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மேலே மேலே ஊற்றினால் நிலைமை மோசமாகும். உப்புப் போட்ட அரிசிக்கஞ்சி, ஓ.ஆர்.எஸ். இரண்டும் நல்லது. பாக்கெட்டை முழு ஒரு லிட்டரில் கரையுங்கள், டம்ளரில் அல்ல. பாக்கெட் இல்லாத நேரத்தில் ஒரு லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டிய அளவு. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். தயிர்சாதம், வாழைப்பழம், ஜவ்வரிசி இறுக்கிக் கொடுக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் போனாலோ, மூத்திரம் குறைந்தாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள். இதயம், சிறுநீரகத்தில் கோளாறு உள்ளவர் உப்பளவை டாக்டரிடம் கேட்க வேண்டும்.

இன்னொன்று: வாழைத்தண்டு, தேங்காய்ச்சில், பலாச்சுளை முதலிய நார்ப் பொருள் அடைத்துக்கொள்ளும். பை திடீரென்று காலியாகவே இருந்து வயிறு முறுக்கினால் அடைப்பு என்று எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

ஏலத்தோட்டத்துக்குப் பழைய மாதிரி ஜீப்பில் போகலாமா அக்கா? பை வைத்து ஐந்து மாதம்.

போகலாம்மா, டாக்டர் பார்த்துச் சரி சொன்னபிறகு. எனக்குக் காய் எடுப்பைவிடச் சுமைதான் கவலை. ஏலச்சரம் தரையோடு கிடக்கும், நாள் முழுக்கக் குனிந்து உட்கார வேண்டும், பை மடங்கும். அதனால் ஜீப் ஏறுமுன் காலி செய்யுங்கள், மத்தியானம் ஒருமுறை. மூட்டையைத் தூக்காதீர்கள், ஸ்டோமாவை ஒட்டிக் குடல் பிதுங்கினால் அதற்கு இன்னொரு ஆபரேஷன். பாவாடை நாடாவை ஸ்டோமாவுக்கு மேலேயோ கீழேயோ கட்டுங்கள், அதன் மேல் வேண்டாம். மழை மாதத்தில் தட்டு சீக்கிரம் ஊறும், கூடையில் வெட்டி வைத்த தட்டு ஒன்று எப்போதும் இருக்கட்டும். கங்காணியிடம் சொல்வதா என்பது உங்கள் இஷ்டம். கூட வேலை செய்கிற ஒருத்தியிடமாவது சொல்லிவையுங்கள்.

மாலை போடலாமா?

உடம்பைப் பற்றி மட்டும் நான் சொல்ல முடியும். பம்பையிலிருந்து சன்னிதானம் ஐந்து கிலோமீட்டர் போல ஏற்றம். புண் முழுக்க ஆறி, டாக்டர் ஒப்புக்கொண்டால் நிதானமாக ஏறலாம். பையோடு குளிக்கலாம், ஒன்றும் ஆகாது. சுத்தம் பற்றி உங்கள் குருசாமியைக் கேளுங்கள். நான் பார்த்த ஒரு குருசாமி, "வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு எல்லாரும்தான் ஏறுறோம்" என்றார்.

கால் புண்ணைக் காற்றாட விட்டால்தானே காயும்? கம்யூனிஸ்ட் பச்சை பிழிந்துவிட்டேன்.

கேரளாவில் ஆளுக்கொரு கட்சி, புண்ணுக்கு மட்டும் எல்லாருக்கும் கம்யூனிஸ்ட் பச்சை என்ற அந்தச் செடியின் இலை! சின்னக் கீறலோடு அதை நிறுத்துங்கள். திறந்த புண்ணில் மண்ணும் கிருமியும் சேர்ந்தே போகும். காய வேண்டும் என்பதும் தப்பு. மூடி ஈரமாக வைத்த புண்ணில் புதுத்தோல் வேகமாகப் படர்கிறது என்று 1962இலேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளிடம் காட்டிவிட்டார். சலைனில் கழுவி மூடுங்கள். சர்க்கரை இருக்கிறதா என்று எழுதவில்லையே? இருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுக் காலைக் காட்டப் போங்கள். உணர்ச்சி இல்லாத காலை ராத்திரி எலி கடித்ததே தெரியாமல் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் பை வந்ததிலிருந்து தனியாகப் படுக்கிறார், கல்யாணம் காட்சிக்கு வருவதில்லை.

இந்தப் பையே அப்படி ஒருத்திக்காக வந்ததுதான். டென்மார்க்கில் தோரா என்ற பெண் ஆபரேஷனுக்குப்பின் வெளியே போகவே பயந்தார். அவருடைய அக்கா எலிசே சோரன்சன், நர்ஸ். 1954இல் உடம்போடு ஒட்டுகிற, தூக்கிப்போடுகிற பையை யோசித்தது அவர்தான். உங்கள் வீட்டுக்காரரைக் கூட்டி வாருங்கள், ஏற்கனவே பை வைத்தவர் ஒருவரோடு உட்கார வைக்கிறேன். நான் பத்து நாள் பேசுவதைவிட அது பலிக்கும். ராத்திரிக்குப் பையைக் காலி செய்து துணி உறை மாட்டச் சொல்லுங்கள். கல்யாண வீட்டில் முட்டை, பூண்டைக் குறைத்து மோர் குடித்தால் வாடையும் குறையும்.

பையைக் குப்பையில் போட்டோம், நாய் தெருவெல்லாம் இழுத்துவிட்டது.

அடக்கடவுளே. கக்கூஸில் காலி செய்து, அலசி, பேப்பரில் சுற்றி, இரண்டு கவரில் முடிச்சுப் போட்டு, குப்பை வண்டி வருகிற நேரத்தில் நேரே கையில் கொடுங்கள்.