பள்ளி மானியத்தில் கற்றல் பொருள் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் அரசு தொடக்கப் பள்ளியில் 85 பிள்ளைகள். குழுவாக உட்கார்ந்து அவரவர் வேகத்தில் படிக்கும்படி வகுப்பறையை மாற்ற விரும்புகிறோம். பள்ளி மானியத்தை இதற்குச் செலவிடலாமா?
– தலைமையாசிரியர் ஒருவர்

பதில்: தாராளமாக. பள்ளிக் கல்விக்கான மத்திய அரசின் சமக்ர சிக்ஷா திட்டத்தில் உங்கள் அளவுள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை உண்டு. அதில் 10 சதவீதமாவது, அதாவது 2,500 ரூபாய், தூய்மைப் பணிக்குப் போக வேண்டும். மின்கட்டணம், குடிநீர், சிறு பழுது எல்லாம் இதே தொகையில்தான். அதனால் பணம் வந்ததுமே பள்ளி மேலாண்மைக் குழுவைக் கூட்டி, கற்றல் பொருளுக்கு எவ்வளவு என்று தீர்மானமாக எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் சில்லறைச் செலவே எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

வட்ட மேசை வாங்க ஓடாதீர்கள், பாய் போதும். பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரையொட்டிக் கரும்பலகை, பாட அட்டைகள், அவற்றை அடுக்கத் தட்டுகள், இவைதான் முதலில். அட்டைகளை லேமினேட் செய்யுங்கள், வெறும் அட்டை சீக்கிரமே கிழிந்துவிடும். ஐந்தாறு பேருக்கு ஒரு தொகுப்பாவது வேண்டும். வகுப்புக்கே ஒன்று என்றால் பாதிப் பிள்ளைகள் சும்மா காத்திருப்பார்கள், குழுமுறையே பிசகிப்போகும்.

ரசீதுகளைப் பள்ளியின் பெயரிலேயே வாங்குங்கள். மானியம் எதற்குச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழுக்கு அவை தேவைப்படும். மார்ச் கடைசிவரை தள்ளிப்போடவும் வேண்டாம். அவசரத்தில் வாங்கும் பொருள் பீரோவுக்குள்தான் போகும்.