ஸ்கிராப்புக்கு எந்த ஹெச்எஸ் கோட்? சுங்க வகைப்பாடு பற்றிய கேள்வி பதில்

ஹெச்எஸ் கோட் என்பது ஒவ்வொரு வகைச் சரக்குக்கும் சுங்கத்தில் உள்ள வகைப்பாட்டு எண். ஸ்கிராப் இறக்குமதி, ஏற்றுமதி பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு வரிசையாகப் பதில் எழுதுகிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (தூத்துக்குடி): சார், துபாயிலிருந்து ஹெச்எம்எஸ் (உருக்குவதற்கான கனமான பழைய எஃகு) இறக்குகிறோம். சப்ளையர் இன்வாய்ஸில் வெறும் ‘மெட்டல் ஸ்கிராப்’ என்று போடுகிறார். எந்தக் கோட் போடுவது?

பதில்: முதலில் இன்வாய்ஸைத் திருத்தி வாங்குங்கள். இரும்பு, எஃகுக் கழிவு எல்லாம் 7204. அதற்குள் வார்ப்பிரும்பு 7204 10, ஸ்டெயின்லெஸ் 7204 21, மற்ற அலாய் ஸ்டீல் 7204 29, வெள்ளீயம் பூசிய டப்பாத் தகடு 7204 30. லேத்தில் விழும் சுருள், தூள், பிரஸ்ஸில் வெட்டி மிஞ்சும் துண்டுகள் 7204 41. இவற்றில் சேராத சாதாரண ஹெச்எம்எஸ் 7204 49. ஸ்டெயின்லெஸ் என்பதற்குச் சட்டத்தில் அளவே இருக்கிறது: குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம், கார்பன் 1.2 சதவீதத்துக்கு மிகாமல். காந்தத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள், 400 வரிசை ஸ்டெயின்லெஸில் காந்தம் நன்றாகவே ஒட்டும்.

கேள்வி (அம்பத்தூர்): அண்ணா, கார் அலாய் வீல் ஒரு கன்டெய்னர் வந்திருக்கிறது. உருக்கத்தான் வாங்கினோம், 7602 (அலுமினியக் கழிவு) போட்டோம். ஆபீசர் 8708 (வண்டி உதிரி பாகம்) என்கிறார். இது நியாயமா?

பதில்: நீங்கள் உருக்கப் போகிறீர்கள் என்பதை வைத்துக் கோட் முடிவாகாது தம்பி. கன்டெய்னரைத் திறக்கும்போது பொருள் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி. சுங்க அட்டவணையின் 15ஆம் பிரிவு, 8ஆம் குறிப்பைப் படியுங்கள். உடைந்தோ, வெட்டுப்பட்டோ, தேய்ந்தோ, வேறு காரணத்தாலோ இனி அப்படியே பயன்படுத்தவே முடியாது என்று ஆன உலோகப் பொருளைத்தான் அது கழிவு என்கிறது. உலகச் சுங்க அமைப்பின் விளக்கக் குறிப்புகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. பழுது பார்த்துப் பழைய வேலைக்கே பயன்படுத்தலாம், வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம், உருக்காமலே வேறு பொருளாக்கலாம் என்ற நிலையில் இருந்தால் அது கழிவு இல்லை. வட்டம் கெடாத வீலைக் கழுவித் துடைத்துக் கடையில் விற்க முடியும். அதனால் ஆபீசர் சொல்வதில் பொருள் இருக்கிறது.

ஸ்கிராப் வியாபாரத்தில் இந்த வீலுக்கு ‘டுரோமா’ என்று ஐஎஸ்ஆர்ஐ (அமெரிக்க ஸ்கிராப் தொழில் சங்கம்) வைத்த பெயர் உண்டு. நம் நாட்டு அட்டவணையே 7404 (தாமிரக் கழிவு), 7602 போன்ற தலைப்புகளில் ஐஎஸ்ஆர்ஐ பெயர்களைச் சொல்லித்தான் பிரிக்கிறது. ஆனாலும் பெயர் எழுதியதால் மட்டும் பொருள் கழிவாகிவிடாது. இதில் வரி வித்தியாசத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பழைய உதிரி பாகம் என்று முடிவானால் அது கட்டுப்பாடுள்ள இறக்குமதி, டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) அனுமதி கேட்பார்கள்.

இப்போது செய்யக்கூடியது: சுங்கச் சட்டம் 24ஆம் பிரிவின்படி, அதிகாரிகள் முன்னிலையில் வீல்களை வெட்டிச் சிதைக்க அனுமதி கேட்டு எழுத்தில் மனு கொடுங்கள். அனுமதி கிடைத்தால், சிதைத்த நிலையிலேயே வந்தது போல வரி போடுவார்கள். அடுத்த முறை ஒவ்வொரு வீலையும் சப்ளையர் யார்டிலேயே குறுக்கே வெட்டச் சொல்லுங்கள், லோடிங் படங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். டெமரேஜ் (துறைமுகத் தாமதக் கட்டணம்) முன்னால் வெட்டுக்கூலி ஒன்றுமே இல்லை.

கேள்வி: தேய்ந்த ரயில் தண்டவாளம், ரீ-ரோலிங் மில்லுக்கு?

பதில்: உருக்காமலே சூடாக்கி உருட்டி வேறு பொருளாக்க முடிகிற நிலையில் இருக்கிறது, அதனால் 7204 இல்லை. விளக்கக் குறிப்பிலேயே இந்த உதாரணம் இருக்கிறது. உலைக்கென்று சிறு துண்டுகளாக வெட்டி வந்தால் 7204.

கேள்வி (கோயம்புத்தூர்): பழைய எலெக்ட்ரிக் மோட்டார் ஸ்கிராப்பில் எடைக்கு எடை இரும்புதான் அதிகம். 7204-இல் போடலாமா? சிலர் தாமிரத்துக்காக 7404 என்கிறார்கள்.

பதில்: இரண்டையும் யோசிக்கும் முன் 8549-ஐப் பாருங்கள். மின், மின்னணுக் கழிவுக்கென்றே உள்ள இந்தத் தலைப்பு நம் அட்டவணையில் 2022 ஜனவரி 1 முதல் இருக்கிறது. உடைத்தோ வெட்டியோ பயன்படாமல் போன, அல்லது பழுது பார்த்துக் கட்டுப்படியாகாத மின்சாதனம், பாதுகாத்துப் பேக்கிங் செய்யாமல் மொத்தமாகக் கொட்டி வந்தால் அது 8549-க்குள் வரும். முழு மோட்டார்களை அள்ளிப்போட்டு அனுப்பினால் இந்த விவரிப்பு அப்படியே பொருந்தும். பிரித்தெடுத்த இரும்பும் தாமிரமும் தனித்தனியாக வந்தால் 7204, 7404 என்று பேசலாம்.

இதை அலட்சியமாக விடாதீர்கள். 2025 ஜனவரி 1 முதல் பாசல் உடன்படிக்கையின்படி (கழிவுகள் நாடு கடப்பதைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) எல்லா மின்னணுக் கழிவுக்கும், அபாயமானதோ இல்லையோ, இறக்குமதி நாட்டின் முன் ஒப்புதல் தேவை. கோட் மாறினால் சரக்கே திரும்பிப் போகலாம். பழைய லெட் ஆசிட் பேட்டரியும் இப்படித்தான். ஈயம் இருக்கிறதே என்று 7802-இல் போடாதீர்கள், அதுவும் 8549.

கேள்வி: அலுமினிய டிராஸ் (உருக்கும்போது மேலே திரளும் கசடு)?

பதில்: 7602 இல்லை, 2620 40. ஈரம் பட்டால் அம்மோனியாவும் ஹைட்ரஜனும் கிளம்பும் சரக்கு. 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளைப் பார்க்காமல் ஆர்டர் போடாதீர்கள்.

கேள்வி: ஒரே கன்டெய்னரில் அலுமினியமும் பித்தளையும் வருகிறது. எது அதிகமோ அதை மட்டும் காட்டலாமா?

பதில்: கூடாது. பிரித்துப் பார்க்க முடிகிற சரக்கை, எடையோடு தனித்தனி வரியாகக் காட்டுங்கள். எடையில் எது மிகுதி என்ற விதி, ஒன்றாகக் கலந்துபோன உலோகத்துக்கு. ‘ஜோர்பா’ மாதிரி அரைத்த கலவையில் அலுமினியம் மிகுதி என்பதால் அது 7602.

கேள்வி (மணலி): லோடிங் முன் ஆய்வுச் சான்றிதழ் கட்டாயம்தானா? ஏஜென்ட் “அது ஃபார்மாலிட்டி” என்கிறார்.

பதில்: அரைக்காமல் உதிரியாகவோ அழுத்திக் கட்டியோ வரும் உலோகக் கழிவுக்குப் பொதுவாகக் கட்டாயம். டிஜிஎஃப்டி அங்கீகரித்த நிறுவனம், ஆயுதம், குண்டு, தோட்டா, கதிர்வீச்சு எதுவும் இல்லை என்று லோடிங் இடத்தில் பார்த்துச் சொல்ல வேண்டும். அரைத்த ஸ்கிராப்புக்குக் குறிப்பிட்ட துறைமுகங்களில் சலுகை உண்டு. 2004-இல் காஜியாபாத் அருகே ஓர் எஃகு ஆலையில், இறக்குமதி ஸ்கிராப்போடு வந்த வெடிபொருள் வெடித்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். இதை ஃபார்மாலிட்டி என்பவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார்டில் கேஸ் கட்டரோடு நிற்கப்போவது அவர்கள் இல்லை.

கேள்வி: ஏற்றுமதிக்கும் இதே கோட்தானா?

பதில்: முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதற்கு மேல் அந்தந்த நாட்டுக் கணக்கு, வாங்குபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரும்புக் கழிவு என்றால் ஏற்றுமதி வரி இருக்கிறதா என்பதை விலை பேசும் முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நான் போட்ட கோட் சரி என்று நம்புகிறேன், ஆபீசர் ஒத்துக்கொள்ளவில்லை. சரக்கு துறைமுகத்தில் கிடக்கிறது.

பதில்: வாய்வார்த்தையில் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். சுங்கச் சட்டம் 17(5) பிரிவின்படி காரணம் எழுதிய உத்தரவைக் கேளுங்கள், 15 நாளுக்குள் தர வேண்டும், அதை வைத்துத்தான் மேல்முறையீடு. ஆய்வகச் சோதனை பாக்கி என்றால் 18ஆம் பிரிவில் தற்காலிக மதிப்பீடு கேட்டு, பத்திரம் கொடுத்துச் சரக்கை எடுக்கலாம். அது தாமதமாகும் போலிருந்தால் 49ஆம் பிரிவில் கிடங்குக்கு மாற்றக் கேளுங்கள். அப்புறம், இதே சரக்கை மாதாமாதம் கொண்டுவரப் போகிறீர்கள் என்றால் அடுத்த ஆர்டருக்கு முன் முன்தீர்ப்பு ஆணையத்தில் (சரக்கு வருமுன்பே எந்தக் கோட் என்று தீர்ப்புச் சொல்லும் அமைப்பு) மனு போடுங்கள். டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. மனுவோடு சரக்கின் படங்களையும் சோதனை அறிக்கையையும் வையுங்கள்.