ஆட்டிசம் ஆய்வுக்கு வந்த மன்னார்குடித் தம்பிக்கு: தமிழை விட வேண்டாம்

அன்புள்ள தம்பி,

படிக்கும் மற்றவர்களுக்கும் புரியும்படி உங்கள் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். மன்னார்குடிப் பக்கத்து ஊர். பேச்சு, கேட்டல் துறையில் பட்டம். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பேச்சைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வுக்காக இந்தச் செப்டம்பரில் இங்கிலாந்து வந்திருக்கிறீர்கள். ஆங்கிலம் பேசும் குழந்தைகளைப் பற்றி எழுதினால்தான் வேலை கிடைக்கும், தமிழை விட்டுவிடு என்று உடன் படிப்பவர்கள் சொல்கிறார்கள். விடலாமா, நாளை ஊர் திரும்பினால் இந்தப் படிப்பு உதவுமா என்பது உங்கள் கேள்வி.

விட வேண்டாம். நான் பாபநாசத்துக்காரி. இங்கேயே குடியேறி இதே துறையில் பாடம் நடத்துகிறேன். உங்களிடம் இருப்பதிலேயே விலை உயர்ந்த பொருளை வந்த மூன்றாவது மாதத்தில் தூக்கிப்போடச் சொல்கிறார்கள் என்பதால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

நம் துறை பெரும்பாலும் ஆங்கிலக் குழந்தைகளின் பேச்சைக் கேட்டே வளர்ந்தது. 1943இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், "நான்" வரவேண்டிய இடத்தில் "நீ" வருவதைக் குறித்துவைத்தார். அது பிறகு பாடநூல்களில் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே நிலைத்துவிட்டது. இப்போது நம் வீட்டுக் குழந்தையைப் பாருங்கள். பால் வேண்டும் என்றால் அம்மா தினமும் கேட்பதையே திருப்பி, "பால் வேண்டுமா?" என்கிறது. இதில் நானும் இல்லை, நீயும் இல்லை. "வேண்டும்" என்ற வினை யாருக்காகவும் விகுதி மாற்றிக்கொள்வதில்லை. கேள்வியைக் காட்டும் அந்தக் கடைசி "ஆ" ஒன்றுதான் தடயம். ஆங்கிலப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர், "நான்", "நீ" போன்ற பிரதிப்பெயர் மாறவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். வந்தேன், வந்தாய், வந்தான் என்று ஆள் வினையின் வாலில் ஒளிந்திருக்கும் மொழியில் இந்தக் குழப்பம் எங்கெங்கே வெளிப்படுகிறது, எங்கே வெளிப்படாமலே போகிறது? இதற்கு உங்களைப் போன்ற ஒருவர்தான் பதில் தேட முடியும்.

மொழி வளர்ச்சிக் குறைபாட்டிலும் இதே கதைதான். ஆட்டிசமோ கேட்கும் திறன் குறைவோ இல்லாமலே மொழி மட்டும் பின்தங்கும் குழந்தைகள் ஏறத்தாழ 7 சதவீதம் என்று இங்கிலாந்தின் சரே பகுதியில் நடந்த ஆய்வு 2016இல் காட்டியது. வகுப்புக்கு இரண்டு பேர். ஆங்கிலத்தில் அவர்களைக் கண்டுபிடிக்க உதவும் குறிகளில் முக்கியமானது, வினையின் காலம் காட்டும் ஒலியை விட்டுவிடுவது. தமிழ்க் குழந்தைக்கு எது குறி? சோதனைத் தாளில் எழுத்துத் தமிழ் வாக்கியங்களை அடுக்கி, வலங்கைமான் குழந்தையிடம் வாசித்துக் காட்டி, பதில் வரவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்தால், நாம் அளந்தது அந்தக் குழந்தையின் மொழியை அல்ல. அது வீட்டில் ஒருநாளும் கேட்காத ஒரு நடையைத்தான் அளந்திருக்கிறோம்.

கேட்டதைத் திரும்பச் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை வெறும் கிளிப்பேச்சு என்று ஒதுக்கிய காலம் உண்டு. 1981இல் பேரி பிரிசாண்ட், ஜூடித் டச்சன் என்ற இரு ஆய்வாளர்கள் அதை வரிவரியாகப் பிரித்துப் பார்த்து, முறை வைத்துப் பேசுவது, ஆமோதிப்பது, கேட்டு வாங்குவது என்று பல வேலைகளை அது செய்கிறது எனக் காட்டினார்கள். விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு சிறுவனைப் பார்த்தேன். வெளியே போக ஆசை வந்தால் "வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி" என்று பஸ் நடத்துநரின் குரலிலேயே சொல்வான். அர்த்தமில்லாமல் கத்துகிறான் என்று பள்ளியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவனுடைய பாட்டிக்கு மட்டும் அது புரிந்தது. உடனே செருப்பை எடுத்துக்கொண்டு கிளம்புவார். அந்தப் பாட்டிக்குத் தெரிந்ததை முறையாகப் பதிவு செய்து, மற்றவர்கள் சரிபார்க்கும்படி எழுதுவதுதான் நம் வேலை.

இங்கே இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும் நீங்கள் வேண்டும். குழந்தைக்கு ஆட்டிசம் என்றதும் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்று யாரோ ஒருவர் சொல்லிவிடுகிறார். ஆங்கிலம் சரளமாக வராத அம்மா அன்றோடு வாயை மூடிக்கொள்கிறார். தாத்தா பாட்டியோடு தொலைபேசியில் பேசுவதும் நின்றுபோகிறது. இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மொழி மேலும் தாமதமாவதில்லை என்று கனடாவில் ஹாம்ப்ளியும் ஃபோம்போனும் 2012இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அதே ஆண்டு அங்கிருந்தே வந்த இன்னோர் ஆய்வும் அதே பக்கம்தான் நின்றது. இதை அந்த அம்மாவிடம் தமிழில் சொல்ல ஓர் ஆள் இருந்தால் ஒரு வீட்டில் பேச்சு மறுபடி தொடங்கும். இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆய்வு முறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். டேமியன் மில்டனின் 2012ஆம் ஆண்டுக் கட்டுரையைக் கட்டாயம் படியுங்கள். அவரே ஆட்டிசம் உள்ளவர். ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையே புரியாமை இரு பக்கமும் இருக்கிறது, ஒரு பக்கத்தின் குறையாக மட்டும் அதைப் பார்க்காதீர்கள் என்றார். எடின்பரோவில் கேத்தரின் குரோம்ப்டன் குழுவினர் ஒரு கதையை எட்டு எட்டுப் பேரின் சங்கிலியில் வாய்வழியாகக் கடத்திப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியில், மற்றவர்களின் சங்கிலியைவிடச் செய்தி அதிகம் தொலையவில்லை; கலந்திருந்த சங்கிலியில்தான் தொலைந்தது. 2025இல் இன்னும் நிறையப் பேரோடு திரும்பச் செய்தபோது கலப்புச் சங்கிலியின் அந்தச் சரிவு தென்படவில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் சளைத்தவர்கள் அல்ல என்பது மட்டும் அப்படியே நின்றது. தமிழில் நீங்கள் கண்டுபிடிப்பதையும் இதே நேர்மையோடு திரும்பச் செய்து பாருங்கள்.

வேலை விஷயம். முனைவர் பட்டத்துக்குப் பிறகு பெரும்பாலும் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தப் பணிகள்தான்; அந்தக் கவலை ஆங்கிலத்தில் ஆய்வு செய்பவருக்கும் உண்டு. எனவே ஆங்கிலக் குழந்தைகளையும் தமிழ்க் குழந்தைகளையும் ஒப்பிடும் ஆய்வாக அமையுங்கள். நெறியாளரும் மறுக்க மாட்டார், வாசலும் அடைபடாது. பேச்சுச் சிகிச்சையாளர் என்ற பெயரில் இங்கே பணிசெய்ய உரிமப் பதிவு கட்டாயம். அதற்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வில் மொத்தம் 8, எந்தப் பிரிவிலும் 7.5க்குக் குறையக் கூடாது. மற்ற மருத்துவத் துணைப் பணிகளுக்கு 7 போதும், நமக்குத்தான் 8. இப்போதிருந்தே தயாராகுங்கள். குழந்தைகளைச் சந்திக்கும் முன் குற்றப் பின்னணிச் சரிபார்ப்பு வேண்டும். இந்தியக் காவல்துறைச் சான்றிதழும் கேட்கக்கூடும் என்பதால் முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள்.

ஊர் திரும்பினால் பயன்படுமா? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் பேச்சு, மொழிக் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. ஆனால் வேதாரண்யத்திலோ திருத்துறைப்பூண்டியிலோ உள்ள குடும்பம் வாரம் ஒருமுறை பயிற்சிக்குத் தஞ்சாவூருக்கோ திருச்சிக்கோ பஸ் ஏறினால் அன்றைய கூலி போய்விடும். நடவு நாளிலும் அறுவடை நாளிலும் வர முடியாது. வராதவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்று குறிக்காமல், சம்பாவும் குறுவையும் பார்த்து உங்கள் ஆய்வின் கால அட்டவணையைப் போடுங்கள்.

பேச்சு வராத பிள்ளைகளோடு சீர்காழிக்குப் பக்கத்தில் திருக்கோலக்காவுக்குப் போகிறவர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். சம்பந்தரின் பொற்றாளத்துக்கு ஓசை கொடுத்த அம்மனிடம் வேண்டிக்கொள்கிறார்கள். அதைத் தடுத்துப் பேசாதீர்கள். அவ்வளவு தூரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற தாய், வீட்டில் தினமும் அரைமணி நேரப் பயிற்சியையும் செய்வார். அவரிடம் மரியாதையாகச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

ஊரில் பதிவு செய்யத் தொடங்கும் முன் இரண்டு நாட்டு நெறிமுறைக் குழு அனுமதியும் கையில் இருக்கட்டும். ஒப்புதல் படிவத்தை மொழிபெயர்க்காமல், அந்தப் பாட்டிக்கு வாசித்துக் காட்டுவதாக நினைத்துத் தமிழிலேயே எழுதுங்கள். முதல் வரைவை எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.