வாசகர் கேள்விகள்: ஆய்வகத் தட்டில் கொழுப்புச் செல்கள்

கேள்வி: உடல் பருமனை ஆராய்வதற்காகக் கொழுப்புச் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள் என்று படித்தேன். உடலிலேயே கொழுப்பு நிறைய இருக்க, அதைத் தனியே வளர்ப்பானேன்? அதனால் தெரியவந்தது என்ன?

பதில்: உடலிலிருந்து எடுத்த முதிர்ந்த கொழுப்புச் செல்லை வைத்து நீண்ட ஆய்வு நடத்துவது கடினம். அதன் பெரும்பகுதியை ஒற்றைக் கொழுப்புத் துளியே அடைத்துக்கொண்டிருப்பதால், வளர்ப்பு ஊடகத்தில் (செல்களுக்கு உணவாகும் சத்து நீர்மத்தில்) இட்டவுடன் அது மேலே மிதந்துவிடும். தட்டின் அடியில் ஒட்டாது, பிளந்து பெருகாது, சில நாள்களில் சிதைந்தும் போகும். (1980களில் ஜப்பானிய ஆய்வாளர்கள் குடுவையை முழுவதும் ஊடகத்தால் நிரப்பி, மிதக்கும் செல்களை அதன் மேற்சுவரில் ஒட்டவைத்தனர், ஆனால் ஒட்டிய செல்கள் மெல்ல மெல்லத் தம் கொழுப்பை இழந்துவிட்டன.) ஆகவே, இன்னும் கொழுப்பைச் சேர்க்கத் தொடங்காத முன்னோடிச் செல்களை வளர்த்து, அவற்றைக் கொழுப்புச் செல்களாக மாறத் தூண்டும் வழியே பெரிதும் கையாளப்படுகிறது.

இதற்கு வழி திறந்தவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஹோவர்ட் கிரீன். சுண்டெலிக் கருவிலிருந்து பெற்ற 3டி3 என்னும் செல் வரிசையில் (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் செல் வம்சத்தில்) சில செல்கள், பெருகுவதை நிறுத்தியபின் தாமாகவே கொழுப்பைச் சேர்ப்பதைக் கவனித்த அவர் குழு, அவற்றைப் பிரித்து வளர்த்து 1974-ல் 3டி3-எல்1 என்னும் வரிசையை அறிவித்தது. இன்சுலின், டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து முதலியன அடங்கிய கலவையைக் கொடுத்தால், ஏறத்தாழப் பத்து நாள்களில் அந்த மெல்லிய நீண்ட செல்கள் உருண்டு, உள்ளே துளித் துளியாகக் கொழுப்பு நிறைகிறது. ஆயில் ரெட் ஓ சாயத்தை இட்டால் அத்துளிகள் சிவப்பாகத் தெரியும்.

1994-ல் அமெரிக்க ஆய்வாளர் புரூஸ் ஸ்பீகல்மனின் குழு, பிபிஏஆர்-காமா என்னும் புரதமே இம்மாற்றத்தை முன்னின்று நடத்துகிறது என்று காட்டியது; அப்புரதத்தைச் சாதாரண இணைப்புத் திசுச் செல்லில் உண்டாக்கினால் அதுவும் கொழுப்புச் செல்லாக மாறுகிறது. நீரிழிவுக்குத் தரப்படும் பயோகிளிட்டசோன் வகை மருந்துகள் இதே புரதத்தின் வழியாகத்தான் இயங்குகின்றன என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. அப்படியானால் அம்மருந்துகள் கொழுப்புச் செல்லை வளர்க்கின்றனவே, வளர்த்துமா சர்க்கரையைக் குறைக்கின்றன என்று கேட்கத் தோன்றும். ஆம், அதுதான் இவ்வாய்வுகள் தந்த மிக முக்கியமான அறிவு என்பது என் கருத்து. குதிர் நிறைந்தபின் நெல் வெளியே கொட்டுவதுபோல, கொழுப்புச் செல்களால் ஏற்க முடியாத கொழுப்பு ஈரலிலும் தசையிலும் படிந்து, அங்கே இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. கொழுப்புத் திசுவே உருவாகாத பிறவிக் குறை உடையவர்கள், மெலிந்திருந்தும் கடுமையான நீரிழிவுக்கு ஆளாவது இதற்குச் சான்று. தெற்காசிய ஆண்களின் தோலடிக் கொழுப்புச் செல்கள் ஐரோப்பிய வம்சாவளியினருடையதைவிடப் பெரியவை என்று அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்து 2007-ல் வெளியான ஆய்வு கண்டது. பெரிய செல்லை ஏற்கெனவே நிறைந்துவரும் குதிராகக் கொண்டால், ஒல்லியாகத் தோன்றும் நம்மவரிடத்தும் நீரிழிவு ஏன் இவ்வளவு காணப்படுகிறது என்ற கேள்விக்கு இதுவும் விடையின் ஒரு பகுதியாகலாம்.

இப்போது மனிதச் செல்களையே வளர்க்கின்றனர். எஃப்டிஓ மரபணுப் பகுதியில் உள்ள சில மாற்றங்களுக்கும் பருமனுக்கும் தொடர்பு உண்டு என்பது 2007-ல் தெரிந்தது, காரணம்தான் விளங்கவில்லை. அம்மாற்றம் உடையவர்களின் முன்னோடிச் செல்களில், மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறையால் மரபுக் குறியீட்டின் ஒரே ஒரு எழுத்தைத் திருத்தியபோது, அச்செல்கள் கொழுப்பை எரித்து வெப்பம் உண்டாக்கும் திறன் மீண்டதை 2015-ல் வெளியான ஆய்வு காட்டியது. உயிருள்ள மனிதரிடம் இவ்வாறு திருத்திப் பார்க்க முடியாது. வளர்ப்புத் தட்டின் அருமை இங்கேதான் இருக்கிறது.

கேள்வி: தட்டில் வளரும் செல், உடலில் உள்ள செல்லைப் போன்றதுதானா?

பதில்: முழுதும் அன்று. உடலில் ஒற்றைப் பெருந்துளி. தட்டில் பெரும்பாலும் பல சிறு துளிகள். 3டி3-எல்1 செல்களுக்கு வழக்கமாகத் தரப்படும் ஊடகத்தில் குளுக்கோஸ் டெசிலிட்டருக்கு 450 மில்லிகிராம் இருக்கும். இரத்தத்தில் அந்த அளவு இருந்தால் அது கட்டுப்பாடற்ற நீரிழிவு. மேலும், பருத்த உடலின் கொழுப்புத் திசுவில் நோய் எதிர்ப்புச் செல்களான மேக்ரோஃபேஜ்கள் பெருமளவில் குவிந்து அழற்சியை வளர்ப்பது 2003-ல் தெரியவந்தது. தனித்து வளரும் கொழுப்புச் செல்லில் அதைக் காண வழியில்லை. இதனால் பல வகைச் செல்களைச் சேர்த்து முப்பரிமாணத்தில் வளர்க்கும் முயற்சிகள் நடக்கின்றன.

கேள்வி: ஒரு மூலிகைச் சாறு "கொழுப்பைக் கரைப்பது ஆய்வகத்தில் நிரூபிக்கப்பட்டது" என்று விளம்பரம் வருகிறது. நம்பலாமா?

பதில்: அந்த ஒரு சான்றை மட்டும் வைத்து நம்பி வாங்காதீர்கள். செல்லைப் பலவீனப்படுத்தும் எப்பொருளும் தட்டில் கொழுப்பைக் குறைத்துக் காட்டும். தட்டில் ஊற்றும் அடர்த்தி, குடித்துச் செரித்தபின் இரத்தத்தில் இருப்பதும் அரிது. தவிர, பசியும் நிறைவும் பெரிதும் மூளையில் தீர்மானிக்கப்படுகின்றன. இன்று எடை குறைக்கப் பயன்படும் செமாகுளுடைட் முதன்மையாக மூளையின் வழியாகவே பசியைத் தணிக்கிறது. கொழுப்புச் செல்லை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அதன் பயன் புலப்பட்டிருக்காது. மனிதர்களிடம், ஒப்பீட்டுக் குழுவுடன் சோதனை நடந்ததா என்று கேளுங்கள். ஈரலுக்குத் தீங்கு உண்டா என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.